லிஃப்ட் போட்ட வண்டியில் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

லிஃப்ட் என்றால் சஸ்பென்ஷனை மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்டுவது. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 50 மி.மீ. தூக்கியதும் அதோடு சேர்ந்து வேறு பல அளவுகளும் நகர்ந்துவிடுகின்றன. முன் அச்சு சற்றுச் சுழல்கிறது, பக்கவாட்டில் சில மி.மீ. தள்ளிப் போகிறது, எஞ்சின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் கூடுதலாகச் சாய்கிறது, பிரேக் ஹோஸ் விறைக்கிறது, ஸ்டீயரிங் நடு தப்புகிறது. பெங்களூரில் ஜிம்னி, தார், ஜிப்ஸி, கூர்க்கா போன்ற ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்கள் பீன்யாவில் இருக்கும் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் புகார்களில் பெரும்பாலானவை, இந்த நகர்வுகளில் ஏதோ ஒன்றைச் சரிசெய்யாமல் விட்டதால் வந்தவை. வருவதற்குள் ஜே.சி. ரோட்டில் ஷாக் அப்சார்பர், டை ராட் எண்ட், ஸ்டீயரிங் டேம்பர் என்று ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பணத்தைக் கரைத்திருப்பார்கள். பாகத்தைக் கழற்றும் முன் அளந்து பாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேப், தூக்குக்குண்டு, டிகிரி காட்டும் ரசமட்டம், சுண்ணக்கட்டி, போல்ட்டின் இறுக்கத்தை அளந்து வைக்கும் டார்க் ரெஞ்ச், நல்ல ஸ்டாண்டு நான்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. எத்தனை அவசரமானாலும் எங்கள் பையன்கள் யாரையும் நான் அப்படிப் போக விட்டதில்லை.

லிஃப்ட் போடுவதற்கு முன்பே நான்கு சக்கரத்திலும் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை எவ்வளவு என்று எழுதி வையுங்கள். பினியன் (புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் அச்சின் பல்சக்கரம்) கோணத்தையும், அலைன்மென்ட் கடையில் தரும் கேஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் கோட்டின் முன்பின் சாய்வு) அளவையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்கெனவே தூக்கியாகிவிட்டது என்றால், தூக்காத அதே மாடல் வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். ஒப்பிட எண் இல்லாமல் எந்தக் கோளாறையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

60–80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது

முன்பக்கமும் முழு அச்சு இருக்கும் வண்டிகளில்தான் இது அதிகம். ஜிம்னி நல்ல எடுத்துக்காட்டு. சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகும் மேம்பாலத்தில் ஒரு இணைப்புப் பள்ளத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் படபடவென்று அடிக்கத் தொடங்கும், வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். ஓட்டுபவரை நிஜமாகவே பயமுறுத்தும் கோளாறு இது. பயப்படுவதும் நியாயம்தான்.

முதலில் சக்கர பேலன்ஸ். சேறு ரிம்மின் உள்பக்கம் காய்ந்து ஒட்டியிருந்தாலே உதறும். கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டதும் உதறல் இடம் மாறினால், அல்லது குறைந்தால், டயரையும் ரிம்மையும் பாருங்கள்.

அடுத்து தளர்ச்சி. வண்டி தரையில் நிற்கட்டும், எஞ்சின் ஓடட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக, வேகமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே பார்க்க வேண்டும். அச்சு பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கும் பான்ஹார்டு ராடின் இரு முனையும் பிராக்கெட்டோடு ஒட்டி நிற்கிறதா, போல்ட் ஓட்டைக்குள் அசைகிறதா? ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் எத்தனை டைட் வைத்தாலும் பயன் இல்லை. அந்த இடத்தில் தடித்த வாஷர் தகட்டைச் சரியான அளவுக்குத் துளை போட்டு பிராக்கெட்டில் வெல்டு வைக்க வேண்டும். பிறகு சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் பேரிங் (சக்கரம் இடவலம் திரும்பும் இடத்தில் இருப்பது) அல்லது ஹப் பேரிங் (சக்கரம் சுழலும் இடத்தில் இருப்பது). கிங்பின் பேரிங்குக்குத் தொடக்க இறுக்கம் உண்டு. சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளைச் சுழற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று ஸ்பிரிங் தராசால் பார்த்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணுக்கு ஷிம் எனும் மெல்லிய தகட்டைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கைக்கணக்கு உதவாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது, கையை எடுத்தாலும் நேராகப் போக உதவுகிறது. வண்டியிலும் அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராக்கிக்கொண்டே இருக்கிறது. ஜிம்னியில் முன் அச்சைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும் பின்னால் சேஸிஸில் தொடங்கி முன்னோக்கி வருகின்றன. சேஸிஸ் உயர்ந்தால் கையின் பின்முனை மேலே போகும், அச்சு முன்பக்கம் கவிழும், கேஸ்டர் குறையும். கணக்கு எளிது. கை ஒரு மீட்டர் நீளம் என்றால் 50 மி.மீ. உயர்வுக்கு ஏறத்தாழ 3 டிகிரி போய்விடும். கை அதைவிடக் குட்டையாக இருந்தால் இழப்பு இன்னும் அதிகம். திருத்த, துளை நடுவிலிருந்து விலகி இருக்கும் கேஸ்டர் புஷ் போடலாம், அல்லது கையின் சேஸிஸ் முனையைத் தாழ்த்தும் பிராக்கெட் போடலாம். புஷ்ஷைத் தலைகீழாக அழுத்திவிட்டால் கேஸ்டர் இன்னும் குறையும். அழுத்தும் முன் எந்தப் பக்கம் மேல் என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீயரிங் டேம்பரை மாற்றியதும் உதறல் அடங்கினால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். டேம்பர் உதறலை மூடி வைக்கும், காரணம் உள்ளேயே இருக்கும். டேம்பரைக் கழற்றிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக வேகம் கூட்டியும் உதறாத வண்டிதான் சரியான வண்டி.

வண்டி நேராகப் போகிறது, ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது

ஸ்டீயரிங் பெட்டியை முன் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் சாய்ந்ததால் வந்தது. லிங்க்கில் இருக்கும் திருகு குழாயைச் சுழற்றி நீளத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது தவறு. ஸ்டீயரிங் பெட்டியின் நடுவும் ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவும் வேறு வேறாகிவிடும். இ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் தானே பிரேக் பிடித்துக் காக்கும் வசதி) உள்ள வண்டியில் இந்தக் கோணலாலேயே எச்சரிக்கை விளக்கு எரியும், வளைவில் தேவையில்லாமல் பிரேக் பிடிக்கும். திருத்திய பிறகு ஸ்கேனர் வைத்து ஸ்டீயரிங் கோண சென்சாரை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கூடவே ஃபெண்டர் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, டயர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள். வித்தியாசம் 16 மி.மீ. என்றால் அச்சு 8 மி.மீ. விலகியிருக்கிறது. நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராட் அதைத் திருத்தும். முன்பக்கத்தில் பான்ஹார்டு ராடும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒன்றின் பிராக்கெட்டை மட்டும் தாழ்த்தினால், பள்ளம் மேட்டில் ஸ்டீயரிங் தானே திரும்பும்.

வேகத்தடையில் 'டொக்'

எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஏறி அமுங்கும்போது வந்தால் ஒரு காரணம், தாண்டி இறங்கும்போது வந்தால் வேறொரு காரணம்.

இறங்கும்போது வந்தால் சஸ்பென்ஷன் கீழ்நோக்கி நீள இடமில்லாமல் முட்டுகிறது. 2020-க்கு முந்தைய தாரின் சி.ஆர்.டி.இ. மாடலில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுகும் கம்பியே ஸ்பிரிங். போல்ட்டை முறுக்கி உயரம் கூட்டினால் செலவில்லை என்பதால் பலர் அதைச் செய்கிறார்கள். ஆனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை கீழே போகக்கூடிய எல்லை மாறுவதே இல்லை. நிற்கும் உயரம் அந்த எல்லைக்கு அருகில் நகர்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு தடையிலும் கை அந்தக் கீழ் எல்லையின் நிறுத்தத்தில் போய் அடிக்கும். முறுக்கியதைப் பாதியாவது திரும்ப விடுங்கள். இதற்கு வேறு மருந்து இல்லை.

ஏறும்போது வந்தால், ஷாக் உள்ளே முழுதாக அமுங்கி முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, ஷாக்கின் உருளையோடு ஒட்டித் தள்ளிவிட்டு ஓட்டுங்கள். அது எங்கே போய் நிற்கிறதோ அதுதான் தண்டு உள்ளே போன தூரம். அச்சு மேலே வருவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் முடிந்துவிட்டால், அந்த ஷாக் அந்த வண்டிக்கு நீளம் அதிகம். அப்படியே ஓட்டினால் உள் வால்வு உடையும், மேல் பிராக்கெட் கிழியும். கிட் வாங்கியதும் ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டி, அச்சை பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஜாக்கியால் தூக்கி, ஷாக்கில் இன்னும் 10–15 மி.மீ.யாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. மிச்சம் இல்லை என்றால் பம்ப் ஸ்டாப்பைத் தாழ்த்துங்கள்.

முதுகு உடைகிற அளவுக்கு முரட்டுத்தனம்

வண்டியை இழுத்து மீட்கும் வின்ச், இரும்பு பம்பர், கூரை கேரியர் எல்லாம் ஏற்றப்போகும் வண்டிக்கான ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் போட்டிருப்பார்கள். காயில் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 13 மி.மீ. கம்பிக்குப் பதில் 14 மி.மீ. போட்டால், சுற்றின் விட்டமும் எண்ணிக்கையும் மாறாவிட்டாலும் விறைப்பு ஏறத்தாழ 34 சதவீதம் கூடும். ஒரே ஒரு மி.மீ.தானே என்று நினைக்க முடியாது. காயிலை வெட்டினாலும் விறைப்பு கூடும். காஸ் வெல்டிங் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி உயரத்தை மாற்றினால் எஃகின் பதமே போய்விடும். அப்படிச் செய்த ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும் அல்லது உடையும்.

எனவே நிரந்தரமாக ஏறும் எடையைக் கூட்டிப் பார்த்து ஸ்பிரிங் சொல்லுங்கள். 4 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் 31 கிலோவுக்கு மேல். 6 மி.மீ. அலுமினியம் அதே பரப்புக்கு 16 கிலோ. ஸ்கிட் பிளேட் (வண்டியின் அடியைக் காக்கும் தகடு), ஸ்லைடர் (கதவுக்குக் கீழே பக்கவாட்டில் வரும் காப்புக் குழாய்), பின் பம்பர் எல்லாம் இரும்பில் என்றால் கூட்டுத்தொகை எளிதில் 100 கிலோவைத் தாண்டும்.

ரப்பர் புஷ்ஷும் இதே அறிகுறியைக் காட்டும். சக்கரம் தொங்கும்போது கையின் போல்ட்டை டைட் வைத்துவிட்டு வண்டியை இறக்கினால், ஒவ்வொரு புஷ்ஷும் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்யும். வண்டி உயரமாகவே நிற்கும், ஓட்டம் கடுமையாகும், புஷ் விரைவில் கிழியும். போல்ட் எல்லாவற்றையும் கையால் மட்டும் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்ச் பிடிக்க வேண்டும். லிஃப்ட் போட்ட இடத்தில் இதைச் செய்தார்களா என்று முதலில் கேளுங்கள். எந்தச் செலவும் இல்லாமல் தீரும் கோளாறு இது.

கிரீச், கடக்

பாலியூரித்தேன் புஷ் கிரீச்சிட்டால் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸ் படக் கூடாது, ஊறிக் கெட்டுவிடும்.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் கியர் போடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் 'கடக்' என்றால் நேராக, பட்டையை அச்சோடு கட்டும் யு போல்ட்டுக்குப் போங்கள். தளர்ந்திருந்தால் அச்சு பட்டைமேல் வழுக்கி, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டை அறுத்துவிடும். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் போல்ட் அறுந்தே இருக்கலாம். பட்டை கூட்டியவர்கள் பழைய யு போல்ட்டையே மறுபடி மாட்டக் கூடாது. புதிதாகப் போட்டு, குறுக்காக மாறி மாறி டைட் வைத்து, முதல் 100 கி.மீ.யிலும் அதன்பின் 500–1,000 கி.மீ.யிலும் மீண்டும் டார்க் பாருங்கள். அழுத்திப் பிடிக்கும் தட்டுகளுக்கு இடையில் தடித்த பவுடர் கோட்டிங் இருந்தால் அது மெல்ல நசுங்கி இறுக்கத்தைத் தின்றுவிடும். அந்த முகங்களில் கோட்டிங் படாமல் டேப் ஒட்டித்தான் நாங்கள் அனுப்புகிறோம்.

ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் தரை அதிர்கிறது

புரொப்பல்லர் ஷாஃப்ட். இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் உள்ள ஷாஃப்டில் டிரான்ஸ்ஃபர் கேஸின் (சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) வெளிமுனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். டிகிரி மட்டத்தை இரண்டு ஃப்ளாஞ்சிலும் வைத்துப் பாருங்கள். ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதிர்வு வரும். பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டி உயர்த்திய ஜிப்ஸியில் இது வழக்கம். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்துத் திருத்தலாம். அலுமினிய ஆப்பு காலப்போக்கில் விரிசல் விடும், வேண்டாம்.

முன் சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறது

2020 தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். ஷாக்கின் தலையில் ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தில் உயர்வு ஸ்பேசரைவிடக் கூடுதலாக வரும், பல வண்டிகளில் இரட்டிப்புக்கு அருகில். சக்கரம் தொங்கும்போது சக்கரத்துக்குச் சக்தி தரும் ஷாஃப்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட்டும் மேல் பால் ஜாயின்ட்டும் தம் எல்லையைத் தாண்டும். ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், உள்ளிருக்கும் கிரீஸ் தெறிக்கும். முன்பக்கத்தை ஸ்டாண்டில் வைத்து, சக்கரங்களை முழுதாகத் தொங்கவிட்டு, கையால் சுழற்றுங்கள். எங்காவது பிடித்தால் ஸ்பேசர் அதிகம். டிஃபரன்ஷியலைத் தாழ்த்தும் கிட் சி.வி.க்கு உதவும், பால் ஜாயின்ட்டுக்கு உதவாது. நீள ஸ்பேசர் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பிரேக்

சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் விறைக்கிறதா என்று பாருங்கள். விறைத்தால் வண்டி பட்டறையை விட்டு நகரக் கூடாது. பின் அச்சோடு கம்பியால் இணைந்த, பாரம் பார்த்து அழுத்தம் பிரிக்கும் வால்வு இருந்தால், தூக்கிய பிறகு அது வண்டி காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். லிஃப்ட் அளவுக்கு அதன் பிராக்கெட்டையும் மாற்ற வேண்டும்.

ஸ்கிட் பிளேட்: சத்தம், வாடை, விரிசல்

தகடு அதிர்ந்து ரீங்காரம் போட்டால் சேஸிஸோடு தொடும் இடங்களில் ரப்பர் வையுங்கள். ஆனால் போல்ட்டுகளே அடிக்கடி தளர்கின்றன, அறுகின்றன என்றால் காரணம் வேறு. பாறையில் ஒரு சக்கரம் ஏறி நிற்கும்போது சேஸிஸின் இரண்டு தண்டவாளமும் முறுக்கிக்கொள்ளும். இரண்டையும் விறைப்பாக இணைக்கும் தகடு அந்த முறுக்கை எதிர்த்து நிற்கும், போல்ட் தோற்கும். ஒரு பக்கத் துளைகளை நீள்துளைகளாக்கி, ஸ்லீவும் ரப்பரும் போட்டால் தீர்ந்துவிடும்.

கருகல் வாடையை அலட்சியப்படுத்தாதீர்கள். சக்லேஷ்பூர் தோட்டப் பாதைகளில் போய்வந்த வண்டியின் தகட்டுக்குமேல் செம்மண்ணும் காய்ந்த புல்லும் கட்டியாக இருக்கும். பி.எஸ். 6 டீசலில் டி.பி.எஃப். (புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்யும்போது புகைப்போக்கி 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். அந்தப் பக்கம் புல் இருந்தால் தீப்பிடிக்கும். தகடு செய்யும்போதே கழுவும் துளைகளும், ஆயில் இறக்கும் வழியும், புகைப்போக்கிக்கு நல்ல இடைவெளியும் விட வேண்டும். தொழிற்சாலை வைத்த வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றி வீசுவது பெரும் தவறு.

விரிசல் பெரும்பாலும் வளைவிலோ உள்மூலையிலோ தொடங்கும். வளைவின் உள் ஆரம் தகட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது. இரண்டு வளைவு சந்திக்கும் மூலையில் 6–8 மி.மீ. துளை விட்டால் அழுத்தம் ஓரிடத்தில் குவியாது. விரிந்துவிட்டதா? விரிசல் முடியும் புள்ளியில் சின்னத் துளை போட்டு அதை நிறுத்துங்கள், கிரைண்டரால் வி வடிவத்தில் திறந்து, பிறகு வெல்டு வையுங்கள். மேலே சும்மா ஓட்டிய வெல்டு அடுத்த பாறையில் பிரியும். வண்டியிலேயே வெல்டு வைக்க நேர்ந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டுக்கு அருகிலேயே கடியுங்கள்.

ஸ்லைடர் கதவின் அடிவிளிம்பில் இடிக்கிறது

தாரும் ஜிம்னியும் சேஸிஸ்மேல் ரப்பர் வைத்து பாடியை உட்கார்த்திய வண்டிகள். பாடி தனியாக அசையும். ஸ்லைடருக்கும் பாடிக்கும் 15–20 மி.மீ. இடைவெளி வேண்டும், ஸ்லைடர் சேஸிஸில் மட்டுமே நிற்க வேண்டும். சோதனை எளிது. ஸ்லைடரின் நடுவில் ஜாக்கி வைத்து அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையை விடும்வரை தூக்குங்கள். இடைவெளி மூடிக்கொண்டால் குழாயோ கால்களோ போதாது. 40 என்.பி. (பெயரளவு உள்விட்டம் 40 மி.மீ.) குழாய் என்றால் வெளிவிட்டம் 48.3 மி.மீ.; பி கிளாஸில் சுவர் 3.2 மி.மீ., சி கிளாஸில் 4 மி.மீ. விலை வித்தியாசம் சிறிது என்பதால் ஸ்லைடருக்கு சி கிளாஸ்தான் நான் சொல்வது. பெட்டி வடிவ சேஸிஸில் போல்ட் குறுக்கே போகும் இடத்தில் உள்ளே ஸ்லீவ் குழாய் இல்லாவிட்டால், டைட் வைக்க வைக்க சேஸிஸ் நசுங்கும், இறுக்கம் நிற்காது.

முன் பம்பரில் வைக்கும் இரும்புக் காப்புச் சட்டமான புல் பாரைப் பொறுத்தவரை நாங்கள் செய்வதே இல்லை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. வண்டியில் செய்யும் மாற்றங்கள் பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குப் புல் பார் முரண். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், முன்பக்கம் நசுங்க வேண்டிய விதத்தை அது மாற்றுவதால் ஏர்பேக் திறக்கும் நேரம் கெடும், மோதப்படும் பாதசாரிக்கும் அடி பலம். லிஃப்ட்டும் அதே 52ஆம் பிரிவுக்குள்தான் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஓரங்களில் பெயின்ட் உரிந்து துரு

லேசரில் ஆக்சிஜன் வைத்து வெட்டிய விளிம்பில் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அதன்மேல் அடித்த பவுடர் கோட்டிங் ஒரு மழைக்காலத்தில் தோல் உரிவதுபோல் வந்துவிடும். வெட்டிய எல்லா விளிம்பையும் கிரைண்டர் பிடித்து, கூர்முனையை மழுக்கி, பாஸ்பேட் முக்கி, துத்தநாக பிரைமர் அடித்து, அதன்பின் பவுடர். உரிந்துவிட்டதன்மேல் டச்-அப் அடிக்காதீர்கள். துரு படலத்துக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகே பிரைமர்.

போல்ட்டையும் கவனியுங்கள். எஸ்.பி. ரோட்டில் பளபளவென்று மின்முலாம் பூசிய 10.9, 12.9 வலிமைத் தர போல்ட் கேட்டு வாங்குகிறார்கள். அதிக வலிமை எஃகில் மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகும். பூசியதும் முறையாகச் சுட வைக்காத போல்ட், டைட் வைத்த சில நாளில் தலை தெறித்து விழும். ஸ்கிட் பிளேட்டுக்கு 8.8 போதும். அதைவிட வலிமை தேவைப்படும் இடத்தில் மின்முலாம் இல்லாத ஜியோமெட் வகைப் பூச்சுள்ள போல்ட் வாங்குங்கள். தலை பாறையில் தேயாமல் இருக்க, தகட்டில் குழிவு கொடுத்து உள்ளே அமர்த்துங்கள். மரைக்கு, அது சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவினால் டார்க் அளவை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் அதே ரெஞ்ச் எண்ணில் போல்ட் கூடுதலாக நீண்டுவிடும்.